மூன்று சென்ட் நிலமும் ஒரு வீடும்

(மட்டாஞ்சேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டும் இலக்கியப் பொருள் ஒன்றையே எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கக்கூடும். வீடு கட்டுவதைப் பற்றிப் பேச அநுமதி வேண்டியபோது அறக்கட்டளையினர் மனமுவந்து இசைந்தார்கள். அதற்கு முதற்கண் என் நன்றி. இலாப நோக்கம் சிறிதும் இல்லாமல், வறிய குடும்பங்களுக்குக் குறைந்த செலவில், இயற்கைக்கு ஊறு விளைவிக்காத வீடுகளைக் கட்டித் தரும் முயற்சி கேரளத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அந்த அநுபவத்தில் விளைந்த ஞானம் பெரிது. உலகத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து அதைப் பயின்று போகிறார்கள். ஆனால் அது எங்கே அதிகமாகத் தேவைப்படுகிறதோ, அந்த மட்டாஞ்சேரிச் சந்துகளுக்குள் மட்டும் அது இன்னும் உரிய அளவில் வந்து சேரவில்லை. இதுவே என் மனக்குறை. இன்றைக்கு நான் பேசப் போவதும் இதைப் பற்றியே.

மட்டாஞ்சேரியின் பெருமைகளை இந்தச் சபையில் நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட மாளிகையையும், 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஜெபாலயத்தையும் காண நாள்தோறும் யாத்திரிகர்கள் வந்து குவிகிறார்கள். பஜார் சாலையில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் முகப்பைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் பண்டகசாலைகளின் பின்புறத்தில், எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் மற்றவர் கடக்க முடியும் என்ற அளவுக்குக் குறுகிய சந்துகளில், துறைமுகமும் வாணிபமும் செழித்த காலத்தில் இங்கே பிழைக்க வந்த பல மொழியினரின் பேரப் பிள்ளைகள் வாழ்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து சலவைத் தொழிலுக்கென்று அழைத்துவரப்பட்டவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் நம் தமிழ்க் குடும்பங்கள் கோட்டைக் கொச்சியின் டோபி கானாவில் இன்றும் துணி வெளுத்து ஜீவனம் செய்வதை நீங்கள் அறிவீர்கள்.

அந்தச் சந்துகளுள் ஒன்றில் உள்ள ஓர் அறையை மனத்தில் கொண்டுவாருங்கள். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். ஒரு மூலையில் அடுப்பு, அதை மறைக்க ஒரு சேலை. சுவரோரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்ணீர்க் குடங்கள். கூரைக்குக் கீழே பலகை அடித்து ஏற்படுத்திய பரணில் பிள்ளைகளின் புத்தகங்கள். இரவில் பெண்களும் குழந்தைகளும் உள்ளே படுக்க, ஆண்கள் திண்ணையிலும் கடைவாசலிலும் படுக்கை தேடுகிறார்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறினால் சாக்கடை நீர் வாசற்படியைக் கடந்து உள்ளே வருகிறது. இந்த அறைகூடப் பல குடும்பங்களுக்குச் சொந்தமன்று. தமிழ்நாட்டில் ஒத்தி என்று சொல்லும் ஏற்பாடு இங்கே பணயம் என்ற பெயரில் வழங்குகிறது: சேமிப்பையும் நகையையும் கடனையும் ஒன்றாகத் திரட்டிப் பெருந்தொகையாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றிச் சில காலம் குடியிருப்பது, தவணை முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்குள் விலையேறிவிட்ட வேறோர் அறையைத் தேடி அலைவது. வாழ்நாள் முழுவதும் ஒரு வீட்டின் விலையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தும் வீடில்லாதவர்களாகவே இருப்பவர்கள் இவர்கள்.

இந்நிலைக்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அந்த மண்ணை விலைக்குப் பெறும் உரிமையை அளித்தது. பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட், சிறு நகராட்சியில் ஐந்து சென்ட், மாநகரத்தில் மூன்று சென்ட் என்பது அதன் அளவு. இந்தியாவின் வேறெந்தப் பகுதியிலும் ஏழைக்கு இவ்வளவு துணிவான நியாயம் வழங்கப்பட்டதில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் 1967இல் ஒன்றாகிக் கொச்சி மாநகராட்சி ஆகிவிட்டமையால், இங்குள்ள ஏழைக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது மூன்று சென்ட் மட்டுமே. ஏறத்தாழ 1,300 சதுர அடி. பெற்றவர் இரண்டு மக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் தம் மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், மூன்றாந் தலைமுறைக்கு மிஞ்சுவது ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் போடும் இடந்தான். வாடகை அறையிலும் பணய அறையிலும் இருந்தவர்களுக்கு அந்த மூன்று சென்டும் கிட்டவில்லை.

இனி, நான் குறிப்பிட்ட ஞானத்துக்கு வருகிறேன். அதற்கு மூலபுருஷர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, கட்டடக் கலை பயின்று, குவேக்கர் சமயத்தினர் ஆதலால் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மருத்துவத் தொண்டர் படையில் சேர்ந்து சீனத்தில் பணியாற்றியவர். ஊர் திரும்பக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த காலத்தில் காந்தியடிகளைக் காணும் பேறு பெற்றவர். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அது எழும் இடத்திலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற மகாத்மாவின் கருத்தைத் தம் தொழிலுக்கு இலக்கணமாகவே அவர் ஏற்றுக்கொண்டார். 1945இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணிக்காக இந்தியாவுக்கு மீண்டும் வந்து, கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப் அம்மையாரை மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகட்டில் பல ஆண்டுகள் மருத்துவமனை நடத்தி, அங்குள்ள சாமானியக் குடியானவர் கல்லையும் மண்ணையும் மரத்தையும் எவ்வளவு விவேகத்தோடு பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டு கற்ற பிறகே அவர் கேரளத்துக்கு வந்தார். கல்லூரியில் கற்ற கலையை மலைநாட்டுக் கொத்தர்களிடம் மறுபடியும் முதலிலிருந்து கற்ற அந்தப் பணிவே அவருடைய பெருமைக்கெல்லாம் வித்து என்பது என் துணிபு.

முதலமைச்சர் சி. அச்சுத மேனனும் பொருளியல் அறிஞர் கே.என். ராஜும் அவரை இனங்கண்டார்கள். 1971இல் தொடங்கித் திருவனந்தபுரம் உள்ளூரில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள், செங்கல்லுக்குப் பூச்சுப் பூசாமலும் ஒரு மரத்தை வீணாக வெட்டாமலும் இவ்வளவு எழிலாகக் கட்ட முடியுமா என்று பொறியாளர்களைத் திகைக்க வைத்தன. 1985இல் இம்மூவரும் சமூகப் பணியாளர் டி.ஆர். சந்திரதத்தும் சேர்ந்து திருச்சூரில் நிறுவியதே காஸ்ட்ஃபோர்டு என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு. பதவியை விட்டிறங்கிய முதலமைச்சர் ஒருவர், ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் சங்கம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார் என்ற செய்தி நம் பாடப் புத்தகங்களில் இடம்பெற வேண்டியது. அடுத்த ஆண்டே, சிக்கனக் கட்டட முறைகளைப் பரப்பும் நிர்மிதி கேந்திரங்களில் முதலாவது கொல்லத்தில் தோன்றிற்று; 1987இல் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் ஜி. சங்கரின் ஹாபிடாட் குழு தோன்றிற்று.

அவர்கள் கையாண்ட முறைகளில் இரண்டை மட்டும் சற்று அருகே சென்று பார்ப்போம். சாதாரணமாக ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பும் கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குகிறார். பேக்கர் அதை விளிம்பில் நிறுத்தச் சொன்னார். வெளிமுகத்துக்கு ஒரு கல், உள்முகத்துக்கு ஒரு கல், இடையில் சுமார் மூன்று அங்குல வெற்றிடம். இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். சுவரின் தடிமன் குறைவதில்லை. வேண்டிய பாரத்தையும் தாங்குகிறது. செங்கல்லில் கால் பங்கு மிச்சமாகிறது. சாந்தும் குறைகிறது. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று வெயிலின் வெப்பத்தை அறைக்குள் விடாமல் தடுக்கிறது. மின்விசிறிக்கும் கட்டணம் செலுத்தத் தயங்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதை மாசி, பங்குனி மாதங்களில் தகரக் கூரையின் கீழ் இருந்தவர்கள் அறிவார்கள்.

மற்றொன்று கூரைத் தளம். கான்கிரீட்டுக்கு அமுக்கத்தைத் தாங்கும் வலிமை உண்டு, இழுப்பைத் தாங்கும் வலிமை இல்லை. தளத்தின் கீழ்ப்பாதியில் விழும் இழுப்பை ஏற்பவை உள்ளே கிடக்கும் இரும்புக் கம்பிகளே. ஆகவே அந்தக் கீழ்ப்பாதியிலுள்ள கான்கிரீட்டில் பெரும்பகுதி, ஒரு வேலையும் செய்யாமல், தன் பாரத்தைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில், கம்பிகளுக்கு நடுவே, பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துக் கலவையை ஊற்றினால், கான்கிரீட்டும் குறைகிறது, பாரம் குறைவதால் கம்பியும் குறைகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிலின் ஓடுகள், இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து வந்து, புதிய வீட்டின் கூரைக்குள் மறுபிறவி எடுக்கின்றன. பழம் பண்டகசாலைகள் நிறைந்த இந்த மட்டாஞ்சேரியில் அத்தகைய ஓடுகளுக்குப் பஞ்சமா?

இவற்றை வெறும் சிக்கன உபாயங்கள் என்று எண்ணிவிடலாகாது. சிமெண்டு என்பது சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 பாகை வெப்பத்தில் சுட்டுப் பெறும் பொருள்; உலகம் முழுவதும் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு அந்த ஒரு தொழிலிலிருந்தே வருகிறது. செங்கல்லுக்கு நெல்வயலின் மண் போகிறது. மணலுக்குப் பெரியாற்றின் மடி தோண்டப்பட்டது. ஆற்று மணலைக் காக்க 2001இலும் வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்க 2008இலும் கேரளம் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஏழையின் வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு மூட்டையும் ஆற்றுக்கும் வயலுக்கும் நாம் திருப்பித் தரும் கடன். மேலும், பொருளுக்குச் செலவாகும் பணம் தொலைவிலுள்ள ஆலைக்குப் போய்விடுகிறது. உழைப்புக்குச் செலவாகும் பணம் அதே தெருவிலுள்ள கொத்தனார் வீட்டிலும் சித்தாள் வீட்டிலும் உலையேற்றுகிறது. பேக்கரின் பொருளாதாரம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கும்.

இலாப நோக்கற்ற அமைப்பு ஏன் இதற்கு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கட்டடச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று தம் ஊதியத்தைப் பெறுகிற ஒருவர், செலவைக் குறைக்கத் தம் புத்தியைச் செலவிடுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மாறானது. எவருக்குச் செலவு உயர்வதால் வருவாய் உயராதோ, அவர்தாம் கல்லைப் படுக்க வைப்பதா நிறுத்தி வைப்பதா என்று சிரத்தையோடு யோசிப்பார். ஏழைக்கு நிபுணரின் நேரம் கிடைப்பதில்லை; மனையில் வந்து நின்று, இந்தத் தென்னையை வெட்டாமல் சுவரை வளைக்கலாம் என்று சொல்லும் ஒருவர் கிடைப்பதில்லை. அதைக் கொடுப்பதே இத்தகைய அமைப்புகளின் மெய்யான தானம்.

இடர்ப்பாடுகளை மறைக்க நான் விரும்பவில்லை. பூச்சில்லாத செங்கல் சுவரைக் கண்டால் ‘பணம் போதாமல் பாதியில் நிறுத்திய வீடு’ என்று அக்கம்பக்கத்தார் எண்ணுவார்களே என்று ஏழைக் குடும்பங்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் நியாயமானது. செல்வர்கள் தம் தோட்ட மாளிகைகளுக்கு அதே செங்கல் சுவரை அழகென்று விரும்பிக் கட்டிக்கொள்ள, வறியவர் மட்டும் அதை வறுமையின் அடையாளமாகச் சுமக்க வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தலாகாது. தெருவைப் பார்த்த ஒரு சுவருக்குப் பூச்சும் வண்ணமும் வேண்டும் என்று அந்த வீட்டுத் தாய் சொன்னால், அது அவளுடைய கௌரவம், செய்து கொடுக்கத்தான் வேண்டும். மற்றொன்று கூலி. இந்தியாவிலேயே கட்டட வேலைக்கு மிக உயர்ந்த கூலி கேரளத்தில்தான். உயர வேண்டியதும் நியாயமே. ஆனால் கைத்திறனை நம்பிய முறை, கைக்கு விலை ஏறும்போது தன் சிக்கனத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. அதை ஈடு செய்யத் தேர்ந்த கொத்தனார்களையும், கரணை பிடிக்கக் கற்ற பெண்களையும் பயிற்றுவிப்பது தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது இடர், கொச்சிக்கே உரிய உப்பு. காயலோரத்திலும் கடலோரத்திலும் ஓதநீர் ஏறி இறங்கும் மனைகளில் அஸ்திவாரத்தின் வழியே உப்பு ஊறிச் சுவரில் பூத்து, பூச்சை உதிர்த்து, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்துவிடுகிறது. வைப்பின் தீவிலும் கும்பளங்கியிலும் ஏழிக்கரையிலும் ஆண்டுதோறும் இந்தத் துயரைக் காணலாம். ஆகவே திருச்சூரிலும் திருவனந்தபுரத்திலும் செய்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க இயலாது. பீடத்தை உயர்த்த வேண்டும். அடி வரிசைகளை வெற்றிடமின்றிக் கெட்டியாகக் கட்டி ஈரத் தடுப்பு இட வேண்டும். ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: உப்பு தின்பது இரும்பை. வாசலுக்கும் சன்னலுக்கும் மேலே கம்பி வைத்த கான்கிரீட் உத்தரத்துக்குப் பதிலாகச் செங்கல் வளைவு அமைத்தால் அங்கே துருப்பிடிக்க ஒன்றுமில்லை. நானூறு ஆண்டுகளாக உப்புக்காற்றில் நிற்கும் மட்டாஞ்சேரியின் சுவர்கள் வெட்டுக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. வேம்பநாட்டுக் காயலின் சிப்பி இன்றும் சுண்ணாம்பாகிறது. ஐந்து மைல் தொலைவு என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், கொச்சிக்கு வேண்டிய விடை கொச்சியிலேயே கிடக்கிறது.

கட்டுவோர் தவறிய இடங்களும் நமக்குப் பாடமே. 1972இல் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் முன்னின்று நடத்திய இலட்சம் வீடு திட்டம், நிலமற்ற தொழிலாளருக்காக ஓர் அரசு கண்ட மகத்தான கனவு. ஆனால் ஒரே நடுச்சுவரை இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவாக வைத்த இரட்டை வீடுகள் காலப்போக்கில் சச்சரவுக்கும் சிதைவுக்கும் இடமாயின. ஒருவர் தம் பாதியை இடித்துக் கட்ட நினைத்தால் மற்றவரின் கூரை ஆடிற்று. குடியிருக்கப் போகிறவர்களைக் கேளாமல் வரைந்த வீடு, எவ்வளவு நல்ல உள்ளத்தோடு வரையப்பட்டாலும், இத்தகைய கதிக்கு ஆளாகும். பேக்கர் திருவனந்தபுரத்துப் பூந்துறையில் மீனவர்க்கு வீடு அமைத்தபோது, வரிசையாக நிறுத்தாமல் ஒன்றுக்கொன்று முன்பின்னாக விலக்கி நிறுத்தினார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று வந்தது, முன்னால் வலை உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் முற்றம் கிடைத்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நம் நாகப்பட்டினம் கரையில் தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வீடுகள் கட்டியபோது, பேக்கரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் அந்தக் குடும்பங்களோடு அமர்ந்து பேசியே வரைபடங்களை வகுத்தார். நிவாரணம் என்ற பெயரில் ஒரே அச்சில் வார்த்த பெட்டிகளை வரிசையாக அடுக்கிய பல குடியிருப்புகளோடு ஒப்பிடும்போது அதன் அருமை விளங்கும்.

கொச்சியிலும் நன்முயற்சிகள் இல்லாமல் இல்லை. தோப்பும்படியில் ‘அவர் லேடீஸ் கான்வென்ட்’ பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த சகோதரி லிசி சக்காலக்கல், தந்தையை இழந்த ஒரு மாணவியின் குடும்பத்துக்கு வீடு கட்டித் தரத் தொடங்கிய காரியம், நன்கொடையாளரையும் ஆசிரியரையும் மாணவியரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, 150க்கும் மேற்பட்ட வீடுகளாகப் பெருகியது. தம் மாணவி எங்கே உறங்குகிறாள் என்று நேரில் சென்று பார்த்த ஓர் ஆசிரியையால் இது நடந்தது. மாநில அரசின் லைஃப் திட்டமோ நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பியிருக்கிறது. பொதுவாக ஒரு வீட்டுக்கு நான்கு இலட்சம் ரூபாய், ஏறக்குறைய 400 சதுர அடி. கோட்டைக் கொச்சித் துருத்தியில் 394 குடும்பங்களுக்கென்று இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் வானளாவ எழுந்துள்ளன. குடிசையில் நனைந்தவர்களுக்குக் கூரை கிடைத்தது, அதை வாழ்த்துகிறேன். எனினும், பத்து மாடிக்கு மேல் குடியேறிய ஒரு மீன் விற்கும் மூதாட்டிக்கு மின்தூக்கி பழுதாகும் நாளில் என்ன கதி, அதைச் செப்பனிடும் செலவை மாதந்தோறும் யார் ஏற்பது என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் கோபுரங்களைப் பெருக்குவது விவேகமாகாது. திருவனந்தபுரம் கரிமடம் குடியிருப்பில், மக்களை இடம்பெயர்க்காமல் அதே மண்ணிலேயே, செங்கல் முகம் தெரியும் உயரமற்ற அடுக்கு வீடுகளைக் காஸ்ட்ஃபோர்டு பேக்கரின் வரைபடப்படி எழுப்பியது. மட்டாஞ்சேரிக்கு அதுவே ஏற்ற வழி என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்: படியேறக்கூடிய உயரம், குறைந்த இரும்பு, சந்திலிருந்து எழுந்து சந்தோடு பேசும் வீடு.

அதற்குத் தடையாக நிற்பது நுட்பமன்று, நிலம். அரை சென்டும் ஒரு சென்டுமாகச் சிதறிக் கிடக்கும் பங்குகளை, அண்டை வீட்டார் நான்கைந்து பேர் ஒன்றாகச் சேர்த்து, அதன்மேல் நான்கைந்து வீடுகளை அடுக்காகக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தால் ஒழிய, அந்தத் துண்டுகளில் எந்தத் திட்டத்தின் உதவித்தொகைக்கும் இடமில்லை. அவர்களை ஓரிடத்தில் அமர்த்தி, பத்திரங்களைச் சரிபார்த்து, ஒருவருக்கும் வஞ்சனை நேராது என்று நம்பிக்கை அளிக்க, இலாபத்தில் பங்கில்லாத, ஊரார் மதிக்கும் ஓர் அமைப்பு வேண்டும். பணயத்துக்காக ஆங்காங்கே முடங்கிக் கிடக்கும் சேமிப்பை அந்த வீடுகளின் முதலாக மாற்றவும் அத்தகைய அமைப்பால் முடியும்.

இந்தச் சபையில் பழைய பண்டகசாலைகளுக்கும் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் உரிமையாளர்கள் பலர் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், பொறியாளர்களும், பணி நிறைவு பெற்ற வங்கி அதிகாரிகளும் இருக்கிறீர்கள். உரிமையாளர்கள் பயன்படாத ஒரு மனையையேனும், விற்கவும் கைமாற்றவும் இயலாதபடி, குடியிருப்புக்கான அறக்கட்டளை ஒன்றின் பெயரில் எழுதி வையுங்கள். வழக்கறிஞர்கள் அந்தப் பத்திரத்தைக் கட்டணமின்றி எழுதிக் கொடுங்கள். பழைய வீட்டை இடிப்பவர்கள் ஓடுகளையும் வெட்டுக்கல்லையும் காயலோரத்தில் கொட்டாமல் அந்த அமைப்பிடம் ஒப்படையுங்கள். இளம் பொறியாளர்கள் வாரத்தில் ஒரு நாளைக் கொடுங்கள். முதற் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் பொறுப்பை அறக்கட்டளையின் செயலாளர் ஏற்றிருக்கிறார். தம் பெயரைத் தர விரும்புவோர் இன்றே அவரிடம் தந்துவிட்டுச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன்.